பேரிளம்பெண்ணுக்குப் பின்

பெண்ணின் பருவங்கள் ஏழு என்பது பாட்டியல் நூல்களின் கணக்கு. பேதையில் தொடங்கும் அது நாற்பது வயதுப் பேரிளம்பெண்ணோடு முடிந்துவிடுகிறது. உலாப் புலவர்கள் அதற்கப்பால் ஓரடி எடுத்துவைத்தாரில்லை. ஔவை இளமையிலேயே முதுமையை வேண்டிப் பெற்றார் என்கிறது கதை. காரைக்கால் அம்மையாரோ தசையை உதறிப் பேயுருக் கொண்டார். நடுவயதைத் தாண்டிக் குதிப்பதில் நம் மரபுக்கு அத்தனை வேகம்! மிகுதியான உதிரப்போக்கைச் சித்த மருத்துவம் மட்டும் 'பெரும்பாடு' என்றது. நோயின் பெயரிலேயே துயரமும் ஏறிக்கொண்டது.

மரபு விட்ட இடத்தை நவீன மருத்துவம் நிரப்பியதா? வடசென்னையை எடுத்துக்கொள்வோம். 1888இல் ஸ்காட்லாந்து மிஷன் மருத்துவர் மெட்டில்டா மக்ஃபெயில் இராயபுரத்தில் பெண்களுக்கு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். ஆண் மருத்துவர்முன் வாய்திறக்க நாணி, நோயைச் சுமந்தே பெண்கள் மடிந்த காலம். பெண்ணின் துயரைப் பெண் கேட்டாள் என்பதே அன்று பெரிய மனத்துணை. அம்முயற்சி வளர்ந்து கிறிஸ்டினா ரெயினி என்பாரின் பெயர் தாங்கிய மருத்துவமனையாயிற்று. ஊரார்க்கு அது இன்றும் ரெயினி ஆஸ்பத்திரிதான். அதே இராயபுரத்தில் இராஜா சர் சவலை இராமசாமி முதலியாரின் பெயரால் விளங்கும் பிள்ளைப்பேறு மருத்துவமனை, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. ஆர்.எஸ்.ஆர்.எம். என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். பெண்நோய்களுக்கும் அங்கே மருத்துவமுண்டு. ஆயினும் பெயர்ப்பலகை பேசுவது பிள்ளைப்பேற்றைத்தான்.

மனத்துக்கோ வேறு திசை. அரசின் மனநோய்க் காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. அன்றுதொட்டு வளர்ந்து, அவ்வூர்ப்பெயரே சென்னைப் பேச்சில் வசையாகிவிட்டது. ஒருத்தியின் கருப்பைக்கு இராயபுரம், மனத்துக்குக் கீழ்ப்பாக்கம். காசிமேட்டில் மீன்கூடை சுமந்து சுமந்து கருப்பை இறங்கியவள், உறக்கமின்றிக் காரணம் தெரியாமல் அழுகிறவள், இவ்விரண்டில் எங்கே போவாள்? போனால் வசை, போகாவிட்டால் 'வயசுக் கோளாறு' என்று வீட்டார் சொல்லிவிடுவர்.

மேலைநாட்டாரும் இதில் தடுமாறியவர்களே. ஜெர்மானிய மருத்துவர் கிரேப்பெலின் 1896இல் இவ்வயதின் சோர்வைத் தனி நோயாக வகுத்தார். 1980இல் அமெரிக்க மனநோய்க் கையேடு அந்நோய்ப்பெயரைக் கைவிட்டது. கைவிட்டது சரியே, வயதை நோயாக்கிய பிழை நீங்கிற்று. ஆனால் துயரம் நீங்கவில்லை. மாதவிலக்கு நிற்பதையொட்டிய ஆண்டுகளில் மனச்சோர்வுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. முன்னமே சோர்வுற்றவர்க்கு அது மேலும் மிகுதி.

இங்கே நாம் நன்றியோடு நினைக்க வேண்டியவர் மருத்துவர் சாரதா மேனன். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குத் தலைமை தாங்கிய அவர், மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் அமையப் பாடுபட்டார். உடலைக் காட்ட வந்த கூரைக்கடியிலேயே மனத்தையும் காட்டலாம் என்றாகும்போது, கீழ்ப்பாக்கம் என்னும் வசைக்கு அஞ்ச வேண்டியதில்லை. வடசென்னைக்கு ஸ்டான்லியிலேயே மனநலப் பிரிவு உண்டு. 2022 முதல் 14416 என்ற எண்ணில் அரசின் தொலைபேசி வழி மனநல ஆலோசனையும் கிடைக்கிறது. முகங்காட்டாமல் பேசலாம், மக்ஃபெயில் காலத்து நாணத்துக்கு இது பொருத்தமான வழிதான். அழைப்பவள் தன் துன்பத்தை எப்பெயரால் சொல்லத் தொடங்குவாள் என்பதுதான் நமக்குப் பிடிபடவில்லை. வீட்டார் தந்த 'வயசுக் கோளாறு' ஒன்றே இப்போதைக்கு அவளிடம் இருக்கிறது.