துண்டித்த பின்னும் ஓடும் அமர்வு: ஸ்கிரீன் முதல் டிமக்ஸ் வரை

‘மல்டிபிளெக்சர்’ தகவல்தொடர்புத் துறையிலிருந்து வந்த சொல். ஒரே கம்பியில் பல செய்திகளைச் சேர்த்து அனுப்பும் கருவிக்கு அப்பெயர். ஒரே டெர்மினலில் பல ஷெல்களை ஓட்டும் நிரல்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. ஆனால் பெயரை நம்பி வரலாற்றைப் படித்தால், திரையைப் பங்கிட்டதுதான் இவற்றின் சாதனை என்று தோன்றும். அது தொடக்க நோக்கம் மட்டுமே. ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கு உடைமையாளர் யார் என்ற கேள்விக்கு யூனிக்ஸ் சொல்லிவந்த பதிலை இந்நிரல்கள் மாற்றின. அவை நிலைத்ததற்குக் காரணம் அதுவே என்பது இக்கட்டுரையின் வாதம்.

பழைய பதில் எளிமையானது: வேலை, டெர்மினலுக்குச் சொந்தம். 1978-இல் டெக் நிறுவனம் கொண்டுவந்த விடி100 போன்ற, 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் கொண்ட கருவிகள் சீரியல் கம்பி வழியாகவோ தொலைபேசி மோடம் வழியாகவோ கணினியோடு இணைந்திருந்தன. இணைப்பு அறுந்தால் கர்னல் அந்த அமர்வின் தலைமை நிரலுக்கு, அதாவது பெரும்பாலும் ஷெல்லுக்கு, சிக்ஹப் என்ற சமிக்ஞையை அனுப்பும். தொலைபேசியை வைத்துவிட்டார்கள் என்பதே அப்பெயரின் பொருள். ஷெல் அதைத் தன் வேலைகளுக்குக் கடத்தும், எல்லாம் முடிந்துபோகும். பலர் பகிர்ந்துகொண்ட கணினியில், போனவரின் வேலைகள் நினைவகத்தை அடைத்துக்கொண்டு கிடக்கக் கூடாது என்ற நியாயம் அதில் இருந்தது. 1980-இல் 4பிஎஸ்டி-யோடு வந்த ஜாப் கண்ட்ரோலும், சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் ஷெல் லேயர்களும் ஒரே டெர்மினலில் பல வேலைகளை மாற்றி மாற்றிப் பார்க்க வழிசெய்தன. பங்கிடுதல் அப்போதே வந்துவிட்டது. உடைமை மட்டும் இடம் மாறவில்லை.

1987-இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் லாமன், கார்ஸ்டன் போர்மன் இருவரும் எழுதிய ஸ்கிரீன் இந்த முடிச்சை அவிழ்க்கும் பாதையைத் திறந்தது. அதற்குக் கைகொடுத்தது போலி டெர்மினல் என்ற கர்னல் வசதி. இதற்கு இரண்டு முனைகள். ஒரு முனையில் ஷெல், தான் உண்மையான டெர்மினலில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும். மறுமுனையை இன்னொரு நிரல் பிடித்திருக்கும். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியே நேராக நுழைந்தால் மறுமுனை எஸ்எஸ்ஹெச் சர்வரின் கையில். இணைப்பு போனால் அது கையை விடும், சிக்ஹப் பாயும். நடுவே மல்டிபிளெக்சர் இருந்தால் ஷெல்லின் மறுமுனை பின்னணியில் ஓடும் ஒரு நிரலின் கையில் இருக்கும். வைஃபை அறுந்தால் சாவது, எழுத்துகளை இங்கும் அங்கும் கடத்திக்கொண்டிருந்த கிளையன்ட் மட்டுமே. பாதி வழியில் இருக்கும் கம்பைலேஷனுக்கு எதுவும் தெரியாது.

நிக்கோலஸ் மேரியட் 2007-இல் தொடங்கி, 2009-இல் ஓபன்பிஎஸ்டி-யின் அடிப்படைத் தொகுப்பில் இடம்பெற்ற டிமக்ஸ் இந்த உடைமை மாற்றத்தை வெளிப்படையான அமைப்பாகவே ஆக்கியது. ஸ்கிரீனில் ஒவ்வொரு அமர்வுக்கும் தனித்தனிப் பின்னணி நிரல். டிமக்ஸில் எல்லா அமர்வுகளுக்கும் ஒரே சர்வர். அங்கே அமர்வு என்பது அந்தச் சர்வர் வைத்திருக்கும் பேரேட்டில் ஒரு பதிவு. ஒரே ஜன்னலை இரண்டு அமர்வுகளில் இணைத்துவைக்கவும் முடியும். (கட்டளைகளுக்கு முன் அழுத்தும் விசை ஸ்கிரீனுக்குக் கண்ட்ரோல்-ஏ, டிமக்ஸுக்குக் கண்ட்ரோல்-பி என்ற வேறுபாட்டுக்குப் பெரிய தத்துவம் ஏதுமில்லை. டிமக்ஸின் முதல் வடிவம் ஸ்கிரீனுக்குள்ளேயே உருவானதால் இரண்டும் மோதாமலிருக்க அந்த விசை தேர்ந்தெடுக்கப்பட்டது.)

உடைமை சர்வரிடம் போய்விட்டதற்கு நல்ல சான்று, புதியவர்கள் தடுமாறும் இடங்களில் இருக்கிறது. டிமக்ஸின் கான்ஃபிக் கோப்பைத் திருத்திவிட்டுப் புது அமர்வைத் திறந்தால் எந்த மாற்றமும் தெரியாது. கோப்பு படிக்கப்படுவது சர்வர் எழும்போது மட்டும். அது நேற்றோ போன மாதமோ எழுந்திருக்கலாம். சோர்ஸ்-ஃபைல் கட்டளையால் மறுபடி படிக்கவைக்க வேண்டும். அப்படிச் செய்தாலும், கோப்பிலிருந்து நீக்கிய வரியின் விளைவு நீங்காது, ஏனெனில் அது ஏற்கெனவே சர்வரின் நினைவில் பதிந்துவிட்டது. இன்னொரு தடுமாற்றம்: காலையில் துண்டித்த அமர்வில் மாலையில் மீண்டும் நுழைந்தால், பழைய ஷெல்களில், சாவிகளை வைத்திருக்கும் எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட் வேலை செய்யாது. ஏஜென்டின் முகவரி காலை இணைப்போடு செத்துப்போன சாக்கெட்டைச் சுட்டிக்கொண்டிருக்கும். அப்டேட்-என்விரான்மென்ட் என்ற அமைப்பு புதிய முகவரியை அமர்வில் குறித்துவைக்கும், ஆனால் இனித் திறக்கும் ஷெல்லுக்கே அது போய்ச்சேரும். ஷெல் இணைப்போடு சாகாமல் சர்வரிடம் மிஞ்சியதால் வெளிப்படும், டெர்மினலே உடைமையாளர் என்ற பழைய ஏற்பாட்டின் எச்சம் இது.

நோஹப் கட்டளை 1970களிலேயே சிக்ஹப்பிலிருந்து வேலைகளைக் காத்ததே, மல்டிபிளெக்சர் என்ன புதிதாகச் செய்தது என்று கேட்கலாம். நோஹப் வேலையைச் சாகாமல் காத்தது உண்மை. ஆனால் வெளியீடு ஒரு கோப்பில் போய் விழும். நடுவில் நிரல் ‘ஆமா, இல்லையா’ என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அனாதையாக்கி உயிர் காப்பதற்கும் புதிய காப்பாளரிடம் ஒப்படைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

கனமான மறுப்பு நிர்வாகிகளிடமிருந்து வந்தது. லினக்ஸில் சேவைகளையும் பயனர் அமர்வுகளையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 2016 மே மாதம் வெளியான 230-ஆம் பதிப்பு, வெளியேறும் பயனரின் எல்லா நிரல்களையும் முடித்துவிடுவதை இயல்பமைப்பாக்கியது. ஸ்கிரீனும் டிமக்ஸும் அதில் அடிபட்டன. பெரும் சர்ச்சை எழுந்தது. டெபியன் தன் தொகுப்பில் அதை மாற்றிவைத்தது. சிஸ்டம்டி தரப்பை எளிதில் தள்ளிவிட முடியாது: வெளியேறிய பிறகும் ஓட யார் அனுமதி தந்தார்கள் என்ற கேள்வி சரியானதே. ஆனால் லிங்கர் என்ற அமைப்பின் மூலம் பயனருக்கு அந்த அனுமதியைத் தர அதே சிஸ்டம்டி வழி வைத்திருந்தது. ஆகவே சண்டை, அமர்வு உயிரோடு இருக்கலாமா என்பதைவிட, அதை யாருடைய பெயரில் பதிவது என்பதைப் பற்றியதாகவே இருந்தது.

உடைமையைப் பிறரோடு பகிரும்போது ஆபத்து கூடுகிறது. பல பயனர்கள் ஒரே அமர்வில் சேரும் வசதிக்காக ஸ்கிரீனைச் சில தொகுப்புகள் செட்யூஐடி-ரூட்டாக, அதாவது யார் ஓட்டினாலும் ரூட் அதிகாரத்தோடு ஓடும்படி, நிறுவிவந்தன. அவ்வாறு நிறுவிய 5.0 பதிப்பில் சாதாரணப் பயனர் ரூட் அதிகாரம் பெறும் ஓட்டை இருப்பதை 2025 மே மாதம் சூசே பாதுகாப்புக் குழு வெளியிட்டது. டிமக்ஸ் அந்த அதிகாரத்தைக் கேட்பதில்லை. பயனருக்கு மட்டுமே திறக்கும் அடைவில் ஒரு சாக்கெட்டை வைத்து, கோப்பு அனுமதிகளிடம் காவலை விட்டுவிடுகிறது.

புதிய காப்பாளருக்கும் ஆயுள் எல்லை உண்டு. அமர்வு சர்வரின் நினைவகத்தில் வாழ்கிறது. கணினியை மறுதொடக்கம் செய்தால் அதுவும் போகும். டிமக்ஸ்-ரெசரெக்ட் போன்ற துணைநிரல்கள் ஜன்னல்களின் அமைப்பையும் அடைவுகளையும் கோப்பில் எழுதிவைத்து மறுபடி விரித்துத் தருகின்றன. பாதியில் நின்ற கம்பைலேஷன் மட்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.