கழுவிய கைகள்

பொறுப்பைத் தட்டிக்கழிக்கக் கை கழுவிய பிலாத்துவை நாம் அறிவோம். பொறுப்பை ஏற்பதற்காகக் கை கழுவச் சொன்னவர் ஒருவரும் உண்டு.

வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பேறுகாலப் பிரிவுகள் இருந்தன. மருத்துவச்சிகளின் பிரிவைவிட மருத்துவ மாணவர்களின் பிரிவில் அதிகமான தாய்மார்கள் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். பிணப் பரிசோதனை செய்த கைகளோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வருவதே காரணம் என்று மருத்துவர் செம்மல்வைஸ் கண்டார். குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். 1847 ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு, ஜூனில் 2 ஆகக் குறைந்தது. ஆனாலும், 'எங்கள் கைகளா கொன்றன?' என்று மருத்துவர் பலர் அதை ஏற்கவில்லை.

நம் நாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. வலிமையான மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் சென்னையில் 44 மாதிரிகளில் இருப்பதாக, சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளரும் பங்கேற்ற ஆய்வு 2010-இல் வெளியானது. அந்தக் கிருமிகளின் மரபணுவுக்குப் புது டெல்லியின் பெயர் வைக்கப்பட்டிருந்ததால், முதலில் எழுந்தது கோபமே. ஆனால் 2012 ஆகஸ்ட் 24 அன்று மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடின. மருந்துச் சீட்டின்றி ஆண்டிபயாட்டிக் விற்பதைக் கட்டுப்படுத்தவும், மருத்துவமனைகளில் தொற்றைத் தடுக்கவும் வழி சொல்லும் 'சென்னைப் பிரகடனம்' அதிலிருந்து பிறந்தது. குறையை ஒப்புக்கொண்ட பிறகே திருத்தம் தொடங்கியது.

நமக்கும் இது நேர்ந்தது. ஒருமுறை நோயில்பூசுதல் வழங்கச் சென்றபோது, ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு அப்படியே நகர்ந்தோம். "ஃபாதர், கையைச் சுத்தம் பண்ணிட்டு வாங்க" என்று இளம் செவிலியர் ஒருவர் தடுத்தார். நமக்கும் முதலில் வந்தது கோபம்தான். பிறகுதான் வெட்கம் வந்தது. திருப்பலியில் காணிக்கைக்குப் பின் நாள்தோறும் கழுவும் கைகள் அல்லவா இவை!

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஆலை வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு தூசி உதிரிபாகத்தைக் கெடுத்துவிடும் என்று தொப்பியும் கையுறையும் அணிந்து உள்ளே போகிறவர்கள் அவர்கள். இயந்திரத்துக்குக் காட்டும் அந்தக் கவனத்தை நோயாளிக்கும் காட்டுவோம். உறவினரைப் பார்க்கப் போனால் முதலில் கை கழுவுவோம், கட்டிலில் உட்காராதிருப்போம், சளி, காய்ச்சல் இருந்தால் வீட்டிலிருந்தே செபிப்போம். செவிலியர் தடுத்தால் கோபப்படாமல் நன்றி சொல்வோம். நோயுற்றவரில் தம்மையே காணச் சொன்ன ஆண்டவரைத் தூய கைகளோடு சந்திப்போம். ஆமென்.