வண்டி யார் பெயரில்? அமெரிக்கத் துப்பறிவாளர்களும் வாகனக் கண்காணிப்பும்

நியூயார்க் மாநிலத்தில் 1787 முதல் 1967 வரை விவாகரத்துக்கு ஒரே ஒரு காரணம்தான் செல்லுபடியானது: கணவனோ மனைவியோ வேறொருவருடன் உறவு வைத்திருந்ததை நிரூபிக்க வேண்டும். இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பினாலும் விலக்கு இல்லை. அந்த மாநிலத்தில் தனியார் துப்பறியும் தொழிலுக்குச் சோறு போட்டது இந்தச் சட்டமே. பிங்கர்ட்டன் போன்ற பெரிய நிறுவனம் விவாகரத்து வேலையை ஏற்பதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தது. ஆகவே அந்த வேலை சிறு அலுவலகங்களின் பிழைப்பாயிற்று.

இத்தகைய வழக்குகளில் நேரடிச் சாட்சி கிடைப்பது அரிது. எனவே அமெரிக்க நீதிமன்றங்கள் இரண்டைக் கேட்டன: ஒருவர்மீது மற்றவருக்கு நாட்டம் இருந்ததா, அதை நிறைவேற்றிக்கொள்ள வாய்ப்பு இருந்ததா. நாட்டத்தைக் கடிதங்களும் கைகோத்து நடந்த காட்சியும் சொல்லிவிடும். வாய்ப்பு என்பது இடமும் நேரமும் சேர்ந்த கணக்கு. யார் வீட்டு வாசலில், எத்தனை மணிக்கு வண்டி நின்றது, எப்போது கிளம்பியது? கார் பரவலான பிறகு துப்பறிவாளரின் கவனம் ஆளைவிட வண்டிமேல் குவிந்ததற்கு இதுவே காரணம்.

தொடக்ககால உத்திகள் எளிமையானவை. 1930களின் லாஸ் ஏஞ்சலஸில் நடக்கும் 'சைனாடவுன்' (1974) படத்தில், கணவன் மனைவி விவகாரங்களைப் பிழைப்பாகக் கொண்ட துப்பறிவாளர் மலிவான பாக்கெட் கடிகாரத்தைக் காரின் சக்கரத்தடியில் வைத்துவிட்டுப் போகிறார். வண்டி கிளம்பும்போது கடிகாரம் நசுங்கி நின்றுவிடும். முள் காட்டும் நேரமே புறப்பட்ட நேரம். இன்னொரு காட்சியில் பின்விளக்கு ஒன்றை உடைக்கிறார். இரவில் ஒற்றை விளக்கோடு போகும் வண்டியைத் தொலைவிலிருந்தே அடையாளம் காணலாம். வண்டியையே சாட்சியாக்கும் எண்ணம் மின்னணுவியலுக்கு முந்தையது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அடுத்து வந்தது ரேடியோ அலை பரப்பும் 'பீப்பர்'. 1983இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாட்ஸ் வழக்கில் காவல்துறை அதைக் குளோரோஃபார்ம் கலனுக்குள் ஒளித்து, மினசோட்டாவிலிருந்து விஸ்கான்சின் வரை தொடர்ந்தது. நடுவழியில் காவலர்கள் வண்டியைத் தவறவிட்டார்கள், சிக்னலும் அறுந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து ஹெலிகாப்டரில்தான் அதைத் திரும்பப் பிடித்தார்கள். பீப்பர் இருந்தாலும் பின்னால் ஓர் ஆள் போயே ஆகவேண்டும் என்பதே அன்றைய நிலை. பொதுச் சாலையில் செல்பவர் தன் பயணம் யார் கண்ணிலும் படாது என எதிர்பார்க்க முடியாது என்றது அத்தீர்ப்பு. தனியார் கண்காணிப்பைப் பற்றிய வழக்குகளிலும் இந்த வாதம் பின்னாளில் நுழைந்தது.

பின்னால் போகும் ஆளின் தேவையை ஒழித்தது ஜிபிஎஸ். 2000 மே மாதம் அமெரிக்க அரசு, பொதுமக்கள் பயன்படுத்தும் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை நிறுத்தியது. நூறு மீட்டர் அளவில் தடுமாறிய துல்லியம் சில மீட்டர்களுக்குச் சுருங்கியது. எந்தத் தெரு என்பதோடு எந்த வீடு என்பதும் தெரிந்தது. காந்தம் வைத்த சிறு பெட்டியைக் காரின் அடிப்பாகத்தில் ஒட்டினால் போதும். முதலில் வந்தவற்றைக் கழற்றி எடுத்துத்தான் பதிவைப் படிக்க முடியும். பின்னர் வந்தவை கைபேசி வலையமைப்பின் வழியே உடனுக்குடன் இடத்தைச் சொல்லின. அதுவரை மக்களின் அந்தரங்கத்தைக் காத்துவந்தது சட்டத்தைவிட, பின்தொடர்வதற்கு ஆன செலவும் களைப்பும்தான். காவல்துறையின் ஜிபிஎஸ் கண்காணிப்பு பற்றி உச்ச நீதிமன்றம் விசாரித்த ஜோன்ஸ் வழக்கில் (2012) நீதிபதி அலிட்டோ சுட்டிக்காட்டியதும் இதையே.

மாநிலங்கள் இதற்கு எழுதிய சட்டங்களில்தான் கோளாறு தொடங்குகிறது என்பது என் கருத்து. கலிஃபோர்னியா 1998இல் இயற்றிய சட்டம் ஒருவரின் இருப்பிடத்தை அறியக் கருவி பொருத்துவதைக் குற்றமாக்கியது. மீறும் துப்பறிவாளரின் உரிமத்தையே பறிக்கலாம். ஆனால் வண்டியின் பதிவுபெற்ற உரிமையாளர் சம்மதித்தால் தடை இல்லை. டெக்சாஸ் சட்டமும் உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் பெற்ற துப்பறிவாளருக்குப் பாதுகாப்பு தருகிறது. வாடகைக் கார் நிறுவனத்துக்கும் லாரி முதலாளிக்கும் இந்த விதி பொருந்தும். ஒரே காரை இருவர் பெயரில் வைத்திருக்கும் தம்பதிக்கு அது எப்படிப் பொருந்தும்?

2011இன் இரண்டு தீர்ப்புகள் இதற்கு விடை தந்தன. நியூஜெர்சியில் துப்பறிவாளர் சொன்ன யோசனைப்படி மனைவியே கணவர் ஓட்டிவந்த வண்டியின் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் கருவியை வைத்தார். ஏறத்தாழ நாற்பது நாள் அது அங்கே இருந்தது. வண்டி பொதுப் பார்வைக்கு அப்பாற்பட்ட இடத்துக்குப் போனதாகச் சான்று இல்லை எனக் கூறி, கணவரின் அந்தரங்க மீறல் வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. மினசோட்டாவில் மனைவி ஓட்டிவந்த காரில் கணவர் கருவி பொருத்தியிருந்தார். அவரும் இணை உரிமையாளர் என்பதால் கருவி தொடர்பான தண்டனை ரத்தானது. ஓட்டுபவரின் சம்மதத்தைப் பற்றிச் சட்டம் பேசவே இல்லை.

கருவி எதையெல்லாம் அம்பலப்படுத்தும் என்பது நீதிபதிகளுக்குத் தெரியாமல் இல்லை. நியூயார்க்கின் உயர்ந்த நீதிமன்றம் வீவர் வழக்கில் (2009) மனநல மருத்துவர், கருக்கலைப்பு மருத்துவமனை, வழிபாட்டிடம், மணிக்கணக்கில் அறை தரும் விடுதி என்று அவற்றை வரிசையாகச் சொன்னது. ஜோன்ஸ் வழக்கிலோ ஒரு ஜீப்பை 28 நாள் தொடர்ந்ததில் இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல் தகவல் திரண்டது. அந்த ஜீப் குற்றம்சாட்டப்பட்டவரின் மனைவி பெயரில் பதிவானது. இவ்விரு தீர்ப்புகளும் காவல்துறையைக் கட்டுப்படுத்தின. மனைவி அமர்த்திய துப்பறிவாளரை அவை தொடவில்லை, ஏனெனில் நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் அரசமைப்பு விதிகள் அரசுக்கு மட்டுமே கடிவாளம்.

1970இல் கலிஃபோர்னியாவில் நடைமுறைக்கு வந்த, குற்றம் நிரூபிக்கத் தேவையில்லாத விவாகரத்து 2010இல் நியூயார்க்கையும் எட்டியது. இருந்தும் இந்த வேலை ஓயவில்லை. காரணம் பணம். வட கரோலினாவில் ஜீவனாம்சம் கேட்பவரே பிரிவுக்கு முன் முறைதவறியிருந்தால் உரிமையை இழக்கலாம். மூன்றாம் ஆளின்மீது நட்டஈட்டு வழக்கும் தொடுக்கலாம். ஆனாலும் கருவி காட்டுவது வண்டி நின்ற இடத்தை மட்டுமே. ஓட்டியது யார், கதவைத் திறந்தது யார் என்பதைச் சொல்ல இன்றும் எதிரே காரில் கேமராவோடு ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

புளோரிடாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுச் சான்றுக்கு அப்பால் பார்த்தது. விவாகரத்து மனுவோ பாதுகாப்பு உத்தரவுக்கான மனுவோ தாக்கலானால், முன்பு தந்த சம்மதம் திரும்பப் பெறப்பட்டதாகவே கொள்ளப்படும். பிற மாநிலங்களும் பின்பற்ற வேண்டிய விதி இது. நெவாடாவில் ரீனோ நகர மேயரின் காரிலேயே ஒரு துப்பறிவாளர் கருவி பொருத்தியது 2022இல் வெளிவந்த பிறகுதான், 2023இல் சட்டம் வந்தது. அந்த விவகாரத்தில் மண வாழ்க்கைச் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் கையாண்ட முறை ஒன்றே.

இப்போது எதையும் ஒட்டவே வேண்டியதில்லை. புதிய கார்கள் தாங்களாகவே இடத்தை உற்பத்தியாளரின் செயலிக்கு அனுப்புகின்றன. கணக்கின் கடவுச்சொல் யாரிடம் உள்ளதோ அவர் பார்க்கலாம். 'பொருத்துதல்' என்ற செயலைச் சுற்றியே எழுதப்பட்ட பழைய விதிகளுக்கு இங்கே பிடிமானம் குறைவு. குடும்ப வன்முறைக்கு ஆளான ஓட்டுநர் கேட்டால் மற்றவரின் அணுகலைத் துண்டிக்க வழி செய்யுமாறு கார் நிறுவனங்களுக்கு ஆணையிடும் சட்டத்தை 2024இல் கலிஃபோர்னியா இயற்றியிருக்கிறது. வன்முறை இல்லாத, சந்தேகம் மட்டுமே நிறைந்த வீட்டில் அந்தச் செயலி யார் கையில் இருக்கலாம் என்பது இன்னும் கேள்விதான்.