கை சும்மா இல்லாத பெண்கள்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலுக்கு நடுவில் கிடக்கிறது ஷெட்லாந்து தீவுக்கூட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கே எடுத்த புகைப்படங்களில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பெண் நடந்து போகிறாள். முதுகில் வைக்கோலால் முடைந்த கூடை. அது நிறைய பீட், அதாவது சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டி. மரமில்லாத அந்த ஊரில் அதுதான் விறகு. அவ்வளவு பாரத்தோடும் அவள் கை கம்பளி பின்னிக்கொண்டே போகிறது.

இந்தப் படங்கள் தபால் அட்டைகளாக விற்றன. வாங்கினவர்களுக்கு அது அழகான காட்சி. பல படங்களில் ஊர்ப்பேர் இருக்கும், தொழில் இருக்கும், அவள் பேர் மட்டும் இருக்காது.

அந்தக் கை ஏன் ஓயவில்லை? பின்னிய சால்வையை வாங்குகிற வியாபாரி காசு தருவது அபூர்வம். தேயிலை தருவான், துணி தருவான். இல்லாட்டி ஒரு சீட்டு, அதுவும் அவன் கடைக்குத்தான். இதற்கு 'ட்ரக்' முறை என்று பேர். ஆண்கள் பாடும் இதுதான். நிலத்தில் குடியிருக்கணும்னா பிடித்த மீனைப் பல இடங்களில் நிலக்காரனுக்கோ அவன் கைகாட்டும் வியாபாரிக்கோதான் கொடுக்கணும். திறந்த படகில் ஆழ்கடலுக்குப் போனார்கள். 1881 ஜூலையில் வந்த ஒரே புயலில் 10 படகுகள் கவிழ்ந்து 58 பேர் செத்தார்கள்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? படம் சொல்லவில்லை. அவர்களே சொன்னார்கள். 1872இல் ட்ரக் முறையை விசாரிக்க வந்த அரசு ஆணையத்தின் முன்னால் பின்னல்காரப் பெண்கள் நின்று பேசினார்கள். கேள்வியும் பதிலுமாக, எண்போட்டு, பேரோடு அச்சாகியிருக்கிறது. கூலியாக வந்த தேயிலையைக் கொடுத்து மாவு வாங்கிய கதை அதில் இருக்கிறது. தேயிலையைத் தின்னு பசியாற முடியுமா? கடைக்காரனையே நம்பிப் பிழைக்கிறவர்கள் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்வது லேசான காரியமில்லை.

1883இல் நேப்பியர் ஆணையத்தின் முன்னால் குடியானவர்களும் பேசினார்கள். நினைத்தபோது குடிகளை விரட்டுவதை 1886 சட்டம் தடுத்தது. அடுத்த வருஷமே ட்ரக் சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும் பொருளாகக் கூலி தரும் வழக்கம் லேசில் ஒழியவில்லை.

படத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதில்தான் அந்தக் கூடையின் பாரம் தெரிகிறது, குனிந்த கழுத்து தெரிகிறது. ஆனால் பக்கத்திலேயே அந்தச் சாட்சியத்தையும் வைத்துப் பாருங்கள். கை சும்மா இல்லை என்று மெச்சினவர்களில் பலர், அந்தக் கைக்கு என்ன கிடைத்தது என்று கேட்கவில்லை.