தலையீடு

'தலையிடு' என்னும் வினையின் தொழிற்பெயர். 'இடு' நீண்டு 'ஈடு' ஆகிறது, கெடு 'கேடு' ஆவதுபோல. பிறர் விவகாரத்துக்குள் போவது என்பது பொருள். மும்பையின் தாதர் கடைகளில் தொங்கும் மராத்தி நாளிதழ்கள் இதையே 'ஹஸ்தக்ஷேப்' என்கின்றன. அங்கே நுழைவது கை. தமிழில் நுழைவது தலை. இழப்பதற்கு அதிகம் உள்ள உறுப்பு தலைதான் என்பதால், தமிழ்ச் சொல்லே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஒரு வல்லரசின் தலையீடு என்றதும் ஈழத்தமிழர் நினைவுக்கு வருவது 1987. ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மீது உணவுப் பொதிகளைப் போட்டன. ஜூலை 29 அன்று இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனவும் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். காக்க வந்ததாக நம்பி மக்கள் மாலையிட்டு வரவேற்ற இந்திய அமைதிப்படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. அம்மாதம் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்து மருத்துவர்களையும் தாதியரையும் நோயாளிகளையும் சுட்டுக் கொன்றது. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் உயிரிழந்திருந்தனர்.

நன்மையே இல்லையா? உண்டு. ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இலங்கை அரசியலமைப்பில் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. மாகாண சபைகளுக்கு வழி செய்தது. ஆனால் நிலம், காவல் அதிகாரங்கள் ஏட்டிலேயே நின்றன. ஈழத்தமிழரின் ஒப்புதலைக் கேட்காமல் போன தலையீடு அது. நன்மையைவிடத் தீங்கே அதிகம்.