காற்றே இல்லாம சிலந்தி எப்படிப் பறக்குது?

1832 நவம்பர் 1. தென் அமெரிக்காவோட பிளாட்டா ஆறு கடல்ல கலக்கிற இடம். கரையில இருந்து 60 மைல் தள்ளி 'பீகிள்' கப்பல் நிக்குது. பார்த்தா, கப்பல் கயிறெல்லாம் சிலந்தி நூல். அதுல ஆயிரக்கணக்கான குட்டிச் சிலந்திகள். கப்பல்ல இருந்த 23 வயசு சார்லஸ் டார்வின் அதை உன்னிப்பா கவனிச்சார்.

இறக்கை இல்லாத பூச்சி (சரி, சிலந்தி பூச்சி இல்லைதான், எட்டுக் கால்!) எப்படி அவ்வளவு தூரம் வந்தது? காற்று தூக்கிட்டு வந்திருக்கும்னு தோணும் இல்லையா? ஆனா இன்னொரு சமயம் கரையில, ஒரு கம்பத்து உச்சியில இருந்த சிலந்தி நாலஞ்சு நூல் விட்டு விருட்டுனு மேல போனதை டார்வின் பார்த்தார். நல்ல வெயில், காற்று அசையாத மாதிரி இருந்த நாள். அதைவிட விசித்திரம், அந்த நூல்கள் ஒண்ணோட ஒண்ணு சிக்கவே இல்லை. விசிறி மாதிரி விரிஞ்சு நின்னுச்சு.

சீப்பால சீவினதும் முடி தனித்தனியா விறைச்சு நிக்குமே, அதே கதை. ஒரே வகை மின்னூட்டம் ஒண்ணையொண்ணு தள்ளும். ஜான் மர்ரேன்னு ஒருத்தர் ஏற்கெனவே இதைச் சொல்லியிருந்தார். ஜான் பிளாக்வால் ஒத்துக்கலை. வெயில்ல சூடான தரையில இருந்து எழும்புற காற்றுதான் தூக்குதுன்னார். பிளாக்வால் சொன்னதுதான் நின்னுச்சு. மர்ரே கையில அளந்து காட்ட எதுவும் இல்லை, பாவம்.

அளந்து காட்ட 2018 வரைக்கும் ஆச்சு. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல எரிகா மார்லியும் டேனியல் ராபர்ட்டும் சிலந்திகளை ஒரு பெட்டிக்குள்ள வெச்சாங்க. காற்று அசையாது, வெளி மின்புலமும் உள்ளே வராது. அவங்களே ஒரு மின்புலத்தை உண்டாக்கினாங்க. உடனே சிலந்திகள் கால் நுனியில நின்னு, வயிற்றுப் பக்கத்தைத் தூக்கி, நூல் விட ஆரம்பிச்சது. சிலது கிளம்பியே போச்சு. சுவிட்சை அணைச்சதும் மிதந்துட்டிருந்தது கீழே இறங்குச்சு.

வெளியுலகத்துல இவ்வளவு மின்சாரம் இருக்கா? இருக்கு. மேகம் இல்லாத நாள்லகூட தரைக்கு மேல மீட்டருக்கு சுமார் 100 வோல்ட். இடிமழை நெருங்கினா ஆயிரக்கணக்குல ஏறும். இலை நுனி, கிளை நுனியில இன்னும் குவியும்.

அதுக்காக காற்றைக் கணக்குலயிருந்து எடுத்துட முடியாது. கிளம்புறதுக்கு முன்னாடி முன்னங்காலைத் தூக்கிக் காற்றைச் சோதிக்கிற நண்டுச் சிலந்திகளும் இருக்கு. ஆனா காற்றை உணர உதவுற சிலந்தியோட மெல்லிய கால் முடிகள், மின்புலத்துலயும் அசையுதுன்னு பிரிஸ்டல் குழு பார்த்திருக்காங்க.