மறந்தவர்கள் தங்கும் இல்லத்துக்கு யார் மார்க் போடுவது?

ஒரு ஹோட்டல் எப்படி என்று தெரிய வேண்டுமானால் அங்கே சாப்பிட்டு வந்தவரைக் கேட்கலாம். பள்ளிக்கூடம் எப்படி என்று பெற்றோரைக் கேட்கலாம். ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்து எழுந்தவர் வாசலில் ஆட்டோ ஏறும்போதே விமர்சனத்தை ஆரம்பித்துவிடுவார். டிமென்ஷியா என்று டாக்டர்கள் சொல்லும் மறதி நோய் முற்றியவர்கள் தங்கியிருக்கும் இல்லம் எப்படி என்று யாரைக் கேட்பது? காலையில் காபி கொடுத்தார்களா என்பது மத்தியானம் அவருக்கு நினைவிருக்காது. அதட்டினார்களா என்று சொல்லத் தெரியாது. சொன்னாலும், "அம்மா அப்படித்தான் ஏதாவது சொல்லுவாங்க" என்று தள்ளிவிடுவார்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு இது வெறும் வம்புக் கேள்வி இல்லை. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குமேல், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்த நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். வீட்டில் இருப்பது இன்னொரு முதியவர். கடைசியில் ஏதாவது ஓர் இல்லத்தின் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட இல்லத்தை எடைபோட மற்ற நாடுகள் எப்படிக் கற்றுக்கொண்டன என்று கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். அது நூறு ஆண்டுக்குமேல் நீளும் கதை.

ஃபிராங்க்ஃபர்ட், 1901

1901 நவம்பர் 25 அன்று ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் 51 வயதுப் பெண் ஒருவரைச் சேர்த்தார்கள். பெயர் அவுகுஸ்டே டேட்டர். கணவர் ரயில்வே குமாஸ்தா. அவரைப் பரிசோதித்த டாக்டர்தான் அலோயிஸ் அல்சைமர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதிலை அப்படியே எழுதி வைத்தார். கணவர் பெயர் என்ன என்று கேட்டால் அந்த அம்மாள் தன் பெயரையே சொன்னார். தட்டில் இருந்தது பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றால் கீரை என்றார். காணாமல் போயிருந்த அந்தக் கோப்பு 1995ல்தான் மீண்டும் கிடைத்தது.

1906 ஏப்ரல் 8 அன்று அவர் இறந்தார். அதற்குள் மியூனிக் போய்விட்ட அல்சைமருக்கு அவருடைய மூளையை அனுப்பி வைத்தார்கள். அதில் அவர் என்ன கண்டார் என்பது மருத்துவ வரலாறு. நோய்க்கு அவர் பெயரே வந்தது. ஆனால் அந்த அம்மாள் எதனால் இறந்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. படுக்கைப்புண் வந்து, அது சீழ்பிடித்து, ரத்தத்தில் விஷம் ஏறித்தான் இறந்தார்.

அந்தக் காலத்துக்கு அது நல்ல மருத்துவமனைதான். நோயாளிகளைக் கட்டிப்போடக் கூடாது என்ற கொள்கையுடைய இயக்குநர் அங்கே இருந்தார். ஆன்டிபயாடிக் மருந்துகளும் அப்போது கிடையாது. இருந்தாலும் இந்த நோயின் முதல் கோப்பே நமக்கு முதல் அளவுகோலையும் கொடுத்துவிட்டது. படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறார்களா, ஈரத்தை உடனே மாற்றுகிறார்களா என்பதை முதுகுத் தோல் சொல்லிவிடும். வாய் பேசாவிட்டாலும் தோல் பேசும். இன்றைக்கும் எந்த நாட்டு இன்ஸ்பெக்டரும் தவறாமல் கேட்கும் கேள்வி படுக்கைப்புண் எத்தனை பேருக்கு என்பதே.

173 இல்லங்களைச் சுற்றிய மனிதர்

அடுத்த கட்டம் இங்கிலாந்தில் நடந்தது. ஏழைகளை அடைத்து வைத்த பழைய 'வொர்க்ஹவுஸ்' முறையை 1948 சட்டம் ஒழித்தது. இனிமேல் முதியோர் இல்லங்கள் ஹோட்டல் போல இருக்கும் என்றார்கள். பத்து ஆண்டு கழித்து பீட்டர் டவுன்சென்ட் என்ற சமூகவியலாளர், சொன்னபடி நடந்திருக்கிறதா என்று பார்க்கக் கிளம்பினார். 1958, 59ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 இல்லங்களுக்குப் போனார். அதில் 39 பழைய வொர்க்ஹவுஸ் கட்டடங்கள்தான். போர்டு மட்டும் மாறியிருந்தது.

கட்டடத்தையும் கட்டிலையும் எண்ணிவிட்டு வந்துவிடவில்லை அவர். இல்லங்களுக்கு மார்க் போட ஒரு பட்டியல் தயாரித்தார். வசதிகளும் ஆள் பலமும் அதில் உண்டு. அவற்றோடு, பொழுதுபோக்க ஏதாவது வேலை இருக்கிறதா, அன்றாட வாழ்க்கையில் சுதந்திரம் இருக்கிறதா என்பவற்றுக்கும் மார்க் வைத்தார். 1962ல் 'தி லாஸ்ட் ரெஃப்யூஜ்' என்ற பெயரில் வந்த அவருடைய புத்தகம் இங்கிலாந்தை உலுக்கியது. இப்படிப்பட்ட இல்லங்களைப் படிப்படியாகக் குறைத்து, முதியவர்கள் சொந்த வீட்டிலேயே உதவியோடு வாழ வழி செய்யுங்கள் என்பது அவர் முடிவு.

இருந்தாலும் டவுன்சென்ட் பெரும்பாலும் பேசியது, பதில் சொல்லத் தெரிந்த முதியவர்களிடம். பதில் சொல்ல முடியாதவர்கள் பிரச்சினை அப்படியே நின்றது.

கயிறும் மாத்திரையும்

1980களில் அமெரிக்க நர்ஸிங் ஹோம்களில் பத்தில் நான்கு பேர் வரை நாற்காலியிலோ கட்டிலிலோ கட்டி வைக்கப்பட்டிருந்தார்கள் என்று அக்காலத்து மதிப்பீடுகள் சொல்கின்றன. விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். 1987ல் அந்த நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டது. தண்டிப்பதற்கோ ஊழியரின் சௌகரியத்துக்கோ யாரையும் கட்டக் கூடாது. மாத்திரை கொடுத்து மயக்கி வைப்பதும் கட்டுவதற்குச் சமம். ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே மதிப்பிட்டு எழுத வேண்டும். 15 மாதத்துக்குள் ஒருமுறையாவது முன்னறிவிப்பில்லாத சோதனை நடக்க வேண்டும். சோதனைத் தேதியை இல்லத்துக்குக் கசிய விடுபவருக்கு 2,000 டாலர் வரை அபராதம்!

கட்டுவது வெகுவாகக் குறைந்தது. மாத்திரைப் பிரச்சினை அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. மறதி நோயுள்ள முதியவர்களை அடக்கி வைக்கக் கொடுக்கப்பட்ட சில மனநோய் மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று 2005ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரிக்க வேண்டி வந்தது. சத்தமில்லாத ஹால் நல்ல ஹால் என்று நினைத்துவிடக் கூடாது.

2008ல் அங்கே இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை வழங்க ஆரம்பித்தார்கள். எத்தனை ஊழியர்கள் என்ற கணக்கை இல்லமே எழுதிக் கொடுத்தது. எல்லோரும் தாராளமாக எழுதிக் கொடுக்க முடிந்தது. 2016 முதல்தான் சம்பளப் பட்டியலிலிருந்து அந்தக் கணக்கை எடுத்தார்கள். தணிக்கைத் துறையில் முப்பது ஆண்டுகள் குப்பை கொட்டிய எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ரிஜிஸ்டர் அச்சடித்தாற்போல் அழகாக இருந்தால் மை காய்ந்துவிட்டதா என்று முதலில் பார் என்பார் எங்கள் பழைய சூப்பரிண்டெண்ட்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை

அந்தப் பழைய பிரச்சினைக்கு, பேச முடியாதவரிடம் எப்படிக் கேட்பது என்பதற்கு, ஒரு வழி கண்டவர் டாம் கிட்வுட். முன்பு பாதிரியாராக இருந்தவர். பின்னர் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மறதி நோய்ப் பராமரிப்பை ஆராய்ந்தார். கேத்லீன் பிரெடின் என்பவரோடு சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் ஒரு முறையை உருவாக்கினார்.

முறை எளிமையானது. பயிற்சி பெற்ற ஒருவர் இல்லத்தின் பொது ஹாலில் ஓரமாக உட்காருவார். படுக்கையறைக்கும் குளியலறைக்கும் போக மாட்டார். ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் என்ன செய்கிறார் என்று குறிப்பார். பேசுகிறாரா, சாப்பிடுகிறாரா, துணி மடிக்கிறாரா, வெறுமனே சுவரைப் பார்க்கிறாரா? அந்த நேரத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்பதற்குக் கூட்டல் 5 முதல் கழித்தல் 5 வரை மதிப்பெண். இப்படி ஆறு மணி நேரம் வரை நடக்கும். முடிவில் கிடைப்பது அந்த இல்லத்தில் ஒரு சாதாரண நாளின் வரைபடம்.

இதோடு, ஒரு மனிதரைச் சிறுமைப்படுத்தும் 17 விதமான நடத்தைகளையும் கிட்வுட் பட்டியலிட்டார். அவற்றை நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் உடனே புரியும். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டரைப் பார்த்து, "பாப்பா, ஆ காட்டு" என்பது. "வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்று ஏமாற்றிக் குளியலறைக்கு அழைத்துப் போவது. முதல் வாய் இறங்குவதற்குள் அடுத்த கரண்டியை நீட்டுவது. ஒருவரை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, அவர் தலைக்கு மேலே இரண்டு ஆயாக்கள் சீரியல் கதை பேசிக்கொள்வது. இதைச் செய்கிறவர்கள் கெட்டவர்கள் என்று கிட்வுட் சொல்லவில்லை. பெரும்பாலும் நல்ல மனசுக்காரர்கள்தான், பழக்கதோஷத்தில் செய்கிறார்கள் என்றார். 1997ல் தன் முக்கியமான புத்தகத்தை வெளியிட்டார், மறு ஆண்டே காலமானார். இப்போது இங்கிலாந்தின் அரசு ஆய்வுக் குழுவினரும் இந்த முறையின் சுருக்கமான வடிவத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

இதனால் பலன் உண்டா என்று நியாயமாகக் கேட்கலாம். சிட்னியில் 15 இல்லங்களில் நடந்த ஆய்வு 2009ல் வெளியானது. இந்த முறையைக் கையாண்ட இல்லங்களில் முதியவர்களின் பதற்றமும் ஆர்ப்பாட்டமும் குறைந்தன என்றது. இங்கிலாந்தில் 50 இல்லங்களில் நடந்த பெரிய ஆய்வு 2020ல் வெளியானபோது அப்படிப் பலன் தெரியவில்லை. காரணங்களில் ஒன்று நமக்குப் பழக்கமானது. பெரும்பாலான இல்லங்கள் ஒருமுறை செய்துவிட்டுப் பிறகு தொடரவில்லை. கவனித்து எழுதுவது ஒரு வேலை, எழுதியதைப் படித்து மறுநாள் மாற்றிக்கொள்வது வேறு வேலை. தணிக்கை அறிக்கை பீரோவுக்குள் போய்விட்டால் எந்தக் கூட்டுறவு சங்கமும் திருந்தியதில்லை.

நம் பக்கம்

நம் நாட்டில் இந்த நோய்க்கென்று அமைப்பு ரீதியான வேலை 1992ல் கேரளத்தில் தொடங்கியது. டாக்டர் ஜேக்கப் ராய் அங்கே இந்திய அல்சைமர் சங்கத்தை ஆரம்பித்தார். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஓர் இல்லம், அதில் குறைந்தது 150 பேருக்கு இடம் என்று பேசுகிறது. தலைகளை எண்ணுவது அவசியம்தான். ஒரு தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் அளவுகோல் அந்த எண்ணிக்கையில் இல்லை. ஆகவே இப்போதைக்கு மார்க் போடும் வேலை நம் தலையில்தான் விழுகிறது.

ஒரு நண்பர் தன் மனைவிக்காக இல்லம் பார்த்து வந்து, கிரானைட் தரை, ஏ.சி., வாசலில் பிள்ளையார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவரிடம் நான் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வாரநாள் சாயங்காலம் நாலு மணிக்குப் போங்கள். அந்த நேரத்தில்தான் இவர்களுக்கு மனசு அலைபாயும், வீட்டுக்குப் போகணும் என்பார்கள். ஹாலில் ஒரு மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். மூலையில் இருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். மொத்தம் பன்னிரண்டு தடவை. அதில் எத்தனை தடவை யாராவது அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அல்லது "அம்மா", "ஐயா" என்றாவது சொன்னார்கள்? எத்தனை தடவை அவர் கையில் செய்ய ஏதோ ஒன்று இருந்தது? படுக்கைப்புண் எத்தனை பேருக்கு என்று நர்ஸைக் கேளுங்கள். தூக்க மாத்திரை, மனநோய் மாத்திரை எத்தனை பேருக்கு, எந்த டாக்டர் எழுதினார் என்று கேளுங்கள். ராத்திரி எத்தனை ஆள் என்று கேட்டுவிட்டு, அதே கேள்வியை வாட்ச்மேனிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு மணி நேரம் உட்கார விடமாட்டோம் என்றால் காரணம் கேளுங்கள். அங்கிருப்பவர்களின் அந்தரங்கத்தைக் காக்கிறோம் என்பது நியாயமான பதில்தான், வேறு நாள் சொல்லி வரவழைப்பார்கள். எந்த நாளும் கிடையாது என்றால் அடுத்த இல்லத்துக்குப் போங்கள். சேர்த்த பிறகும் அந்த ஒரு மணி நேரத்தை மாதா மாதம் தொடருங்கள். முதல் நாள் போட்ட மார்க் ஆறு மாதம் தாங்காது.